இளங்கோவனின் கைராசி

ஸ்கூட்டர் சீட்டின் மேல் நாற்பத்திரண்டு இலைகள் கிடந்தன. நேற்று முப்பத்தொன்றுதான்.

இளங்கோவன் மறுபடியும் எண்ணினான். நாற்பத்து மூன்று. ஒன்று சீட்டின் தையலுக்குள் ஒளிந்திருந்தது. எல்லாம் மஞ்சள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு.

"எத்தினி?" என்று வாசலிலிருந்து வீணா கேட்டாள்.

"நாப்பத்தி மூணு."

"ஓனரு அமெரிக்காவுலேந்து வர்றதுக்குள்ள மரம் மொட்டை. வந்த அன்னிக்கு நமக்கு மொட்டை."

பத்தாவது படிக்கும் மகள் சங்கமித்ரா பையை மாட்டிக்கொண்டு வந்தாள். சீட்டைப் பார்த்தாள். "அது இலையே இல்லப்பா. லீஃப்லெட். ஒரு காம்புல ரெண்டு பக்கமும் வரிசையா இருக்குல்ல, இறகு மாதிரி? அந்த முழு இறகுதான் ஒரு இலை. உன் கணக்குப்படி பார்த்தா ஒன்றரை இலைதான் விழுந்திருக்கு."

ஒன்றரை இலை. இளங்கோவனுக்கு உயிர் வந்தது. அவன் ஹெல்மெட்டைத் தலைக்குத் தூக்கும்போது அதிலிருந்து முழு இறகாகவே நான்கு நழுவிக் காலடியில் விழுந்தன.

இளங்கோவன் பயந்தாங்கொள்ளி என்று பெங்களூர் தொம்மலூரில் பழைய ஊர்ப் பக்கம் பேசிக்கொள்வார்கள். அப்படிச் சொல்வது நியாயமில்லை. அவனுக்குப் பேய் பயம் கிடையாது, சாமி பயமும் கிடையாது. லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் பதினேழு வருஷமாக சூப்பர்வைசர். லிஃப்டில் மட்டும் ஏறமாட்டான், அவ்வளவுதான். மற்றபடி அவன் உலகத்தில் பயப்படுவது ஒரே ஒரு ஜாதிக்கு. வீட்டு ஓனர்.

அதற்குக் காரணம் உண்டு. மகளின் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வேண்டுமென்று பதினான்கு வீடு பார்த்தார்கள். முனையில் பூ விற்கும் சந்திரம்மாதான் கூட்டிக்கொண்டு அலைந்தாள். பூ பாதி, வீட்டுத் தரகு பாதி என்பது அவள் பிழைப்பு. பதினான்கு ஓனர்களும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள் போல அதே கேள்விகளைக் கேட்டார்கள். நான்வெஜ் சமைப்பீங்களா. சொந்த ஊர் எது. அந்த ஊரில் எந்தத் தெரு. பெயரைக் கேட்டுவிட்டு அப்பா பெயரையும் கேட்டார்கள். கடைசியில் எல்லாரும் "போன் பண்றோம்" என்றார்கள். எந்த போனும் வரவில்லை.

பதினைந்தாவது வீடு கிருஷ்ணப்பாவுடையது. மாடியில் அவர், கீழே வாடகை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"செடி கிடி வளப்பீங்களா?"

இளங்கோவன் வாயைத் திறப்பதற்குள் வீணா முந்திக்கொண்டாள். "எங்க வூட்டுல செடி தங்காதுங்க. இவரு கை அப்படி. சந்திரம்மாக்கா கிட்ட சளிக்கு துளசி வாங்கினோம், மூணு வாட்டி. மூணும் போச்சு. மணி பிளான்ட் போச்சு. கத்தாழை போச்சு."

இளங்கோவன் அவள் காலை மிதித்தான்.

"கள்ளிச்செடி கூட வெச்சுப் பாத்தோங்க."

"கள்ளியுமா?" கிருஷ்ணப்பா நாற்காலியில் முன்னுக்கு வந்தார்.

"பத்து நாள்."

கிருஷ்ணப்பா அவனையே பார்த்தார். பிறகு, "நோடி, பாருங்க, நிஜம் பேசற ஜனம் இந்தக் காலத்துல எங்க கிடைக்குது" என்று சந்திரம்மாவிடம் சொல்லி, அன்று சாயங்காலமே சாவியைக் கொடுத்துவிட்டார். கோழி குழம்பு வைக்கலாமா என்று வீணா கேட்டதற்கு, "எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்புங்க" என்றார். அந்தப் பதிலுக்கே இளங்கோவன் அவருக்கு ஆயுள் அடிமை.

ஜூன் கடைசியில் மகன் வீட்டுக்கு அமெரிக்கா கிளம்பும்போது கிருஷ்ணப்பா அவனைக் காம்பவுண்டுக்கு அழைத்துப்போனார். கேட்டுக்குப் பக்கத்தில், இரண்டு ஆள் உயரத்தில், முள்ளும் இறகுமாக ஒரு மரம்.

"இது பன்னி மரா. எங்க அப்பா நட்டது."

சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. வீணா கிள்ளியதில் அது இருமலாக மாறியது. கன்னடத்தில் பன்னி, தமிழில் வன்னி. விஜயதசமியன்று இந்த இலையைப் பறித்து ஒருவருக்கொருவர் கொடுத்து, தங்கம் மாதிரி இருப்போம் என்று சொல்லிக்கொள்வது இந்த ஊர் வழக்கம். தெரு முழுக்க இலைக்கு இங்கேதான் வரும்.

"வெட்டினா வம்சத்துக்கே ஆகாது. நான் கூட இது மேல கை வெச்சதில்ல. இனிமே இது உங்க பொறுப்பு இளங்கோ. தினம் நீங்களே பாத்துக்கணும். உங்க கையால."

சொல்லிவிட்டு, இடமில்லாமல் தெருவிலேயே உறை போட்டு நிற்கும் தன் காரை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போனார்.

இளங்கோவன் பார்த்துக்கொண்டான். காலையில் இரண்டு பக்கெட் தண்ணீர், சாயங்காலம் இரண்டு. மழை பெய்த நாளிலும் குடை பிடித்துக்கொண்டு ஊற்றினான். ஒரு மாதத்தில் மரம் மஞ்சளாகி, ஸ்கூட்டர் சீட்டில் கணக்குத் தொடங்கியது.

கிருஷ்ணப்பா ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு வீடியோவில் வருவார். நலமா என்று கூடக் கேட்கமாட்டார். "மரத்தைக் காட்டுங்க" என்பார்.

இளங்கோவன் காட்டினான். கிருஷ்ணப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மஞ்சளாகிடுச்சே."

"தண்ணி ஊத்திக்கினேதான் சார் இருக்கேன். நாலு பக்கெட்டு."

"நாலா?" கிருஷ்ணப்பா குரலைத் தாழ்த்தினார். "ஊத்துங்க, ஊத்துங்க."

போனை வைத்தபின் இளங்கோவன் வீணாவிடம் திரும்பினான். "பாத்தியா, எவ்ளோ மெதுவா பேசினாரு. கத்தினாக்கூட பரவால்ல. கோவம் உள்ள போயிருச்சு."

பக்கத்து வீட்டு மாடியில் பழனிச்சாமி என்று ஒருவர் இருந்தார். அரசுத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். இளங்கோவன் அவரைக் கூட்டிவந்தான். அவர் மரத்தைச் சுற்றி வந்தார், மண்ணை மோந்து பார்த்தார், உச்சுக்கொட்டினார்.

"வறண்ட காட்டு மரம்ப்பா இது. நாலு பக்கெட் ஊத்தி முழுகடிச்சிருக்க. வேர் அழுகிருச்சு."

"இப்ப இன்னா பண்றது?"

"கடலைப் புண்ணாக்கு. ரெண்டு நாள் ஊற வெச்சு, வேரைச் சுத்திப் பள்ளம் தோண்டி ஊத்து. எந்திரிச்சு உக்காரும்."

ஊற்றினான். மரம் எழுந்து உட்காரவில்லை. தெருநாய்கள்தான் வந்து உட்கார்ந்தன. அந்த நாற்றத்துக்கு எங்கிருந்தோ ஒன்பது நாய்கள் வந்து, வேரைச் சுற்றிலும் கிளறி, இரண்டு மூலையில் குழியே வெட்டிவிட்டன. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. பழனிச்சாமி அந்தத் தோட்டத்தில் முப்பது வருஷமும் உட்கார்ந்திருந்தது டிக்கெட் கவுண்டரில் என்பது வீணாவுக்குத் தெரியவந்தபோது மரத்தில் பதினொரு இலைதான் பாக்கி. சங்கமித்ராவின் கணக்கில், முழு இலை.

அடுத்த ஞாயிறு கிருஷ்ணப்பா மொட்டைக் கிளைகளைப் பார்த்தார்.

"ஐயோ பாப" என்றார். "ஹோகலி பிடி, போகட்டும் விடுங்க. தேவர இச்சே, கடவுள் சித்தம். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. தானா போகுதுன்னா நாம என்ன பண்ண முடியும்?"

"எப்படியாச்சும் காப்பாத்திடறேன் சார்."

"வேண்டா வேண்டா. ஒண்ணும் பண்ணாதீங்க. கஷ்டப்படாதீங்க."

பின்னாலிருந்து அவர் மகன் ஏதோ கேட்டான். கிருஷ்ணப்பா போனை முகத்திலிருந்து நகர்த்தி, "நெக்ஸ்ட் மந்த் க்ளியர் ஆகிடும்" என்றார். லைன் போய்விட்டது.

இளங்கோவன் அப்படியே படியில் உட்கார்ந்தான்.

"இன்னாவாம்?" என்றாள் வீணா.

"அடுத்த மாசம் வூட்ட காலி பண்ண வெச்சுருவாராம். மகன் கிட்ட சொல்றாரு. என் காதால கேட்டேன்."

வீணா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். "பாப்பாவுக்கு மார்ச்சுல பரீட்சை."

"தெரியும்."

"மறுபடி பதினாலு வூடா?"

பதினான்கு வீட்டு வாசல்களும் அவன் கண் முன்னால் வரிசையாக வந்து, "போன் பண்றோம்" என்றன.

அந்த வாரம் முழுக்க ஊரே அவனைக் கேலி செய்தது. போகிற வழியெல்லாம் இறகு இலை. குல்மோகர் இறகு, ஜகரண்டா இறகு, அல்சூர் ஏரிக்கரையில் தூங்குமூஞ்சி மரத்தின் இறகு, முருங்கை, புளி, கறிவேப்பிலை. எல்லாம் பச்சைப் பசேல். ஒரு நகரத்துக்கே இறகு முளைத்திருக்க, அவன் வீட்டுக் கோழி மட்டும் இறகு உரிந்து நின்றது.

சனிக்கிழமை ஒரு லிஃப்ட் பழுது பார்க்க அத்திபெலே போனான். திரும்பும்போது ரோட்டோரப் பள்ளத்தில் சீமைக் கருவேலம் புதராக நின்றது. இளங்கோவன் வண்டியை நிறுத்தினான். அதே முள். அதே மாதிரி இறகு. தூரத்திலிருந்து, அதுவும் செல்போனில் பார்த்தால், அமெரிக்காவிலிருந்து என்ன வித்தியாசம் தெரியும்?

ஒரு சாக்கு நிறையக் கிளைகளை வெட்டிக்கொண்டு வந்து குளியலறை பக்கெட்டில் போட்டான். வீணா அன்று குளிக்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் கம்பெனி ஏணியைச் சாத்தி, லிஃப்ட் ஒயர் கட்டும் கேபிள் டையால் ஒவ்வொரு கிளையாக மரத்தோடு இறுக்கினான். முள் கிழித்ததில் இரண்டு கையும் குங்குமம் பூசினாற்போல் ஆயிற்று. ஏழேமுக்காலுக்கு மரம் தளதளவென்று பச்சையாக நின்றது.

"போன் வெச்சதும் கழட்டிரு" என்றாள் வீணா. "யாராச்சும் பார்த்தா அசிங்கம்."

எட்டு மணி. கிருஷ்ணப்பா திரையில் வந்தார். மரத்தைப் பார்த்தார். அவர் முகம் இருண்டது.

"இது எப்ப?"

"இந்த வாரம்தான் சார். உங்க புண்ணியம்."

கிருஷ்ணப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. திரை அணைந்தது.

"நெட்வொர்க்கு" என்றான் இளங்கோவன்.

"கட் பண்ணாரு" என்றாள் வீணா.

அவன் ஏணியை எடுக்கத் திரும்பினான். கேட்டுக்கு வெளியே அனந்தலக்ஷ்மி நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீடு, இரண்டு தலைமுறையாக சர்க்கார் உத்தியோகக் குடும்பம். இவர்கள் குடிவந்த மூன்று மாதத்தில் அவள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. இப்போது அவள் கண்களில் நீர்.

"நேத்து சாயங்காலம் மொட்டையா இருந்தது. நான் பார்த்தேன்" என்றாள். "ஒரே ராத்திரில துளிர்த்திருக்கா."

"இல்லீங்க மேடம், அது வந்து..."

"கையெல்லாம் ரத்தமா இருக்கே. என்ன பிரார்த்தனை பண்ணினேள்?"

இளங்கோவன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவள் பக்தியோடு தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒன்பது மணிக்கு ஆறு பெண்கள். பத்து மணிக்கு இருபது. மஞ்சள் கயிறு, விளக்கு, தேங்காய். மதியத்துக்குள் மூங்கில் கட்டி மரத்தைச் சுற்றி வேலி எழுந்துவிட்டது. அனந்தலக்ஷ்மி அதற்கொரு பூட்டும் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆண்கள் கை இனிமே இதுமேல படப்படாது. மிஸ்டர் இளங்கோவன் உள்பட. நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு."

"தண்ணி...?"

"ஒரு உத்தரணி மஞ்சள் தீர்த்தம். நான் விடறேன்."

அன்று சாயங்காலமே வெட்டிய கிளைகளில் இலைகள் சுருண்டு கூம்பத் தொடங்கின. இளங்கோவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நாளைக்குக் காய்ந்துவிடும். நாளை மறுநாள் கேபிள் டை தெரியும். சாமி பேரைச் சொல்லி ஏமாற்றியவன் என்று தெருவே கூடி நிற்கும். காலி பண்ண ஓனர் வரத் தேவையில்லை.

"கூப்பிடறாங்க" என்றாள் சங்கமித்ரா. வேலிக்குப் பக்கத்தில் அனந்தலக்ஷ்மி, கூம்பிய இலையைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்த மகள் தானே வெளியே போனாள்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. இந்த மாதிரி இலையெல்லாம் இருட்டினா மூடிக்கும். தூங்குது."

மகள் காப்பாற்றிவிட்டாள் என்று இளங்கோவன் மூச்சு விட்டான். அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"தூங்கறாளா?" அனந்தலக்ஷ்மி உதட்டில் விரல் வைத்தாள். "அப்ப நாம கண்ணு போடப்படாது. திரை கட்டிடலாம். விஜயதசமி அன்னிக்கு ஊரறிய எழுப்புவோம்."

மறுநாள் மூங்கில் வேலியைச் சுற்றி மஞ்சள் துணி ஏறியது. மேலே மட்டும் வானத்துக்குத் திறப்பு. தெருவில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று போர்டு வந்தது. விஜயதசமிக்கு இன்னும் ஐந்து வாரம்.

ஐந்து வாரமும் இளங்கோவன் சரியாகச் சாப்பிடவில்லை. கிருஷ்ணப்பாவும் அதன்பின் வீடியோவில் வரவில்லை. பேசினால் ஒரு பயம், பேசாவிட்டால் ஒன்பது பயம். துணிக்குள்ளே கருவேலங்கிளைகள் சருகாகி, கறுப்புக் கேபிள் டைகள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பதை அவன் லிஃப்ட் மோட்டாருக்குள்ளும் கண்டான். நாய்கள் தோண்டிய குழி வழியாக மழைத்தண்ணீர் வேரில் தேங்காமல் சாக்கடைக்கு வடிந்து போயிற்று. அதை அடைக்கக்கூட அவனை விடவில்லை.

விஜயதசமிக்கு முந்தின நாள் கிருஷ்ணப்பா வந்து இறங்கினார். மஞ்சள் திரையைப் பார்த்தார், ஹாரன் போர்டைப் பார்த்தார். "நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

மறுநாள் காலை தெரு முழுக்கக் கூட்டம். கிருஷ்ணப்பா கேட்டருகே நின்றார். அவர் பக்கத்தில் கையில் அளவு டேப்போடு புதுசாக ஒரு ஆள். அவனைப் பார்த்ததும் இளங்கோவனுக்குப் புரிந்துவிட்டது. வீட்டை அளந்து வேறு ஆளுக்குக் காட்டப்போகிறார். வீணா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அனந்தலக்ஷ்மி கயிற்றை இழுத்தாள். துணி விழுந்தது.

இளங்கோவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மகள் அவன் விலாவில் இடித்தாள்.

காய்ந்த கருவேலங்கிளைகள் அங்கங்கே தொங்கின, உண்மைதான். ஆனால் அவற்றுக்கு நடுவே, மரத்தின் சொந்தக் கிளைகள் எல்லாவற்றிலும், கணுவுக்குக் கணு, மெல்லிசாக இளம்பச்சை இறகுகள் விரிந்திருந்தன. அவன் கை படாத ஐந்து வாரத்தில் அது தானே எழுந்து உட்கார்ந்திருந்தது.

"இதென்ன கறுப்பா?" என்று ஒரு பெண் கேபிள் டையைத் தொட்டாள்.

கூட்டத்திலிருந்து பழனிச்சாமி முன்னே வந்தார். முப்பது வருஷத் தோட்ட அனுபவத்தோடு அதைக் கூர்ந்து பார்த்தார்.

"ஒட்டுக் கட்டியிருக்காரு. காஞ்ச மரத்துக்கு வெளிக் கிளையக் கட்டி உசுரு ஏத்தறது. பெரிய வித்தை. எல்லாருக்கும் கை வராது."

கூட்டம் இளங்கோவன் பக்கம் திரும்பியது. யாரோ அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அனந்தலக்ஷ்மி முதல் இலையைப் பறித்து, மாடி வீட்டுக்காரருக்குக் கூடக் கொடுக்காமல், வீணாவின் கையில் வைத்தாள். "எங்காத்து மாவடு ஒரு பாட்டில் அனுப்பறேன்" என்றாள்.

கிருஷ்ணப்பா மரத்தைப் பார்த்தார். மஞ்சள் கயிறுகளைப் பார்த்தார். வரிசையில் நிற்கும் நூறு பெண்களைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. டேப்காரனிடம் ஏதோ முணுமுணுத்தார். அவன் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனான். கிருஷ்ணப்பா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

சாத்திய சத்தம் அடங்குவதற்குள் இளங்கோவன் செருப்பை மாட்டிவிட்டான். அவன் முனைக்கு ஓடினான். சந்திரம்மா மூட்டை மூட்டையாகச் செவ்வந்தியை அளந்துகொண்டிருந்தாள்.

"சந்திரம்மாக்கா, வேற வூடு பாருங்க. ஓனரு காலி பண்ண வெக்கப்போறாரு."

"யாரு சொன்னது?"

"சொல்லணுமா? மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. மரம் பொழைச்சிருச்சுக்கா, துளிர் விட்டு நிக்குது. அப்பவும் ஒரு வார்த்த நல்லதா சொல்லல. அழுதுகினே போயிட்டாரு. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

சந்திரம்மா செவ்வந்தி அளப்பதை நிறுத்தினாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தத் தெரு இருக்கற வரைக்கும் உன்னை அவரால காலி பண்ண வெக்க முடியாது தம்பி, அதுக்குத்தான் அழறாரு" என்றாள். "கார் ஷெட்டு கட்டணும், பன்னி மரத்த வெட்டினா வம்சத்துக்கு ஆகாதுன்னு மூணு வருஷமா பொலம்பிக்கினு இருந்தவருகிட்ட, 'கள்ளிச்செடிய பத்து நாள்ல கொன்ன ஆளு ஒருத்தரு இருக்காரு'ன்னு சொல்லித்தானே உனக்கு நான் அந்த வூட்டையே வாங்கிக் குடுத்தேன்."